நகையும் மறுமொழியும்: ‘பன்மைத்துவ நாள்’ பற்றிய ஒரு திறனாய்வு

1. தோற்றுவாய்

வேற்றுமொழி நாடகமொன்றைத் தமிழ்க் கண்கொண்டு நோக்கும் முயற்சி மட்டக்களப்பு மண்ணுக்குப் புதியதன்று. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’யிற் சேக்ஸ்பியரின் நாடகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் கதையமைப்பினையும் சுவைகளையும் நமது நாடக இலக்கண மரபின் துணையோடு விளக்கினார். அயல்நாட்டு ஆக்கமொன்றினைக் கண்டு வியப்பதோடு நில்லாது, நம்மிடமுள்ள அளவுகோல் கொண்டு அதனை அளத்தலும், அவ்வாறு அளக்கையில் அந்த அளவுகோலையே மீளச் சரிபார்த்தலும் அந்நூல் காட்டிய வழியாகும். அவ்வழியிற் செல்லும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது பேரிலக்கியமன்று. இருபத்திரண்டு நிமிட அளவிலமைந்த தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரொன்றின் ஓர் அங்கம். அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் 2005 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24 ஆம் நாள் தொடங்கி 2013 ஆம் ஆண்டு மே மாதம் வரை ஒளிபரப்பிய ‘தி ஒபிஸ்’ என்னும் தொடரின் இரண்டாவது அங்கமாகிய ‘டைவேர்சிற்றி டே’ என்பதே அது. 2005 மார்ச் 29 இல் ஒளிபரப்பாகிய இதனைப் ‘பன்மைத்துவ நாள்’ என நாம் வழங்கலாம். தொடரின் பெயரைத் தமிழாக்குவதாயின் நம்மூர் முதியோரின் வாயில் இன்றும் வழங்கும் ‘கந்தோர்’ என்னும் சொல்லே அதற்கு மிகப் பொருத்தமானது. தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர்கள் பொழுதுபோக்குக்கு உரியன, ஆராய்ச்சிக்கு உரியன அல்ல என்ற எண்ணம் கற்றோரிடையே உண்டு. ஆயின், ஒரு சமூகம் எதனைக் கண்டு அஞ்சுகிறது என்பதனை அதன் அவலச் சுவை காட்டுமாயின், எதனைக் கண்டு அஞ்சாதது போல் நடிக்கிறது என்பதனை அதன் நகைச்சுவை காட்டும். அந்த வகையில் இவ்வங்கம் தன் காலத்துச் சிறந்த சான்றுகளுள் ஒன்றாகும்.

நாம் இதனைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. ஒருவரது இனத்தைப் பற்றிய நகை எப்போது நகையாகிறது, எப்போது இழிவாகிறது என்னும் வினாவே இவ்வங்கத்தின் உயிர்நாடி. எழுவான்கரையில் நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி எனத் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்துள்ள வாவிப் பிரதேசத்தில் வாழ்வோருக்கு அவ்வினா வெறும் கலைக் கோட்பாட்டு வினா அன்று.

2. கதையமைப்பு

‘தி ஒபிஸ்’ பிரித்தானியாவில் 2001 ஆம் ஆண்டு ரிக்கி ஜேர்வைஸ், ஸ்ரீபன் மேர்ச்சன்ற் ஆகிய இருவர் ஆக்கிய அதே பெயருடைய தொடரின் அமெரிக்க வடிவமாகும். கடதாசி விற்கும் நிறுவனமொன்றின் கிளை அலுவலகம் அதன் களம். ஆவணப்படக் குழுவொன்று அங்கு நடப்பனவற்றைப் படம்பிடிப்பதாகப் பாவனை செய்யப்படுகிறது. அமெரிக்க வடிவத்தின் முதல் அங்கம் பிரித்தானிய மூலத்தைப் பெரும்பாலும் அடியொற்றியது. பி. ஜே. நோவாக் எழுதிக் கென் குவாப்பிஸ் நெறியாள்கை செய்த இந்த இரண்டாவது அங்கமே தொடர் தன் சொந்தக் காலில் நின்ற முதல் இடமாகும்.

கிளையின் முகாமையாளன் மைக்கேல் ஸ்கொற். இப்பாத்திரத்தை ஸ்ரீவ் கரெல் ஏற்று நடித்தார். கிறிஸ் றொக் என்னும் கறுப்பின நகைச்சுவைக் கலைஞரின் மேடைப் பேச்சு ஒன்றை மைக்கேல் அலுவலகத்தில் நடித்துக் காட்டியதால் ஊழியர் சிலர் மனம் நொந்து முறையிடுகின்றனர். தலைமையகம் பிறௌண் என்னும் பயிற்றுநரை அனுப்பி, இனப் பன்மைத்துவம் பற்றிய செயலமர்வொன்றை நடத்துவிக்கிறது. பிறௌண் தானும் ஒரு கறுப்பினத்தவர். ‘பிறௌண்’ என்பது நிறத்தைக் குறிக்கும் சொல் என்பதால், அது தன்னைச் சோதிக்கும் பொறி என எண்ணிய மைக்கேல் அவரை அவரது பெயராலேயே அழைக்க மறுக்கிறான். செயலமர்வின் முடிவில் எல்லோரும் ஒப்பமிட வேண்டிய பத்திரம் வழங்கப்படுகிறது. உண்மையில் மைக்கேலின் ஒப்பம் ஒன்றே தலைமையகத்திற்குத் தேவை என்பதும், அவன் ஒருவனைச் சுட்டாதிருப்பதற்காகவே ஏனையோர் அமர்த்தப்பட்டனர் என்பதும் வெளியாகின்றன. சினங்கொண்ட மைக்கேல் கேலிச்சித்திர வாத்து ஒன்றின் பெயரை ஒப்பமாக இடுகிறான். பின்னர்த் தானே ஒரு செயலமர்வைக் கூட்டுகிறான். ‘இன்று’ முடியப் போகிறது என்பதால் அதற்கு அவன் இடும் பெயர் ‘பன்மைத்துவ நாளை’ என்பது.

அவ்வமர்வின் நடுநாயகமாக அமைவது ஒரு விளையாட்டு. ஊழியர் ஒவ்வொருவரின் நெற்றியிலும் ஓர் இனத்தின் பெயர் எழுதிய அட்டை வைக்கப்படுகிறது. தன் அட்டையில் உள்ளது இன்னதென்று அணிந்தவர் அறியார். எதிரில் நிற்பவர் அவ்வினத்தாருக்கு உரியவனாகக் கருதப்படும் இயல்புகளைக் கூறி அவரை உணரச் செய்ய வேண்டும். விளையாட்டு சூடுபிடிக்காமை கண்டு மைக்கேல் ஊழியரைத் தூண்டுகிறான். வெளியிற் சென்று திரும்பி வந்த கெலி கபூர் என்னும் இந்திய வம்சாவளிப் பெண்ணின் முன் நின்று, இந்தியக் கடைக்காரர் ஒருவரின் பேச்சைக் கொச்சையாக நடித்துக் காட்டுகிறான். அவள் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டு வெளியேறுகிறாள். கண் கலங்க நின்ற மைக்கேல், சிறுபான்மையினராய் இருப்பது எத்தகையது என்பதனை அவள் இப்போது அறிந்துகொண்டாள் என்கிறான்.

இதற்கு இணையாக ஒரு கிளைக்கதையும் உண்டு. விற்பனையாளன் ஜிம்முக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் தரகுப் பணத்தின் காற்பங்கு ஒரே வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பில் தங்கியுள்ளது. செயலமர்வுகளால் அவ்வழைப்பு தடைப்பட்டுக்கொண்டே போக, சக விற்பனையாளன் ட்வைட் அவ்விற்பனையைத் தட்டிக்கொள்கிறான். நாளின் இறுதியில், அமர்வின் சலிப்பால் உறங்கிப்போன வரவேற்பாளர் பாமின் தலை ஜிம்மின் தோளிற் சாய்கிறது. அந்நாள் அவ்வளவு கெட்டதன்று என அவன் கூறுவதோடு அங்கம் நிறைவுறுகிறது.

3. சிறப்புகள்

பிறரை எள்ளுதல், இளமைக்கே உரிய அறியாத்தனம், பேதைமை, மடமை ஆகிய நான்கினையும் நகை பிறக்கும் களன்களாகத் தொல்காப்பியர் கொள்வர். மைக்கேல் செய்வது எள்ளல். ஆனால் நாடகம் நமக்குத் தருவது பேதைமை வழிப்பட்ட நகை. இவ்விரண்டையும் பிரித்து நிறுத்தியமையே இவ்வங்கத்தின் முதற் சிறப்பாகும். மைக்கேல் கூறும் வசைகளுக்காக நாம் சிரிப்பதில்லை. அவை வசைகள் என்பதனை அறியாது, அன்பென்றும் அறிவென்றும் எண்ணி அவன் அவற்றைக் கூறுவதற்காகவே சிரிக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு நோக்கற்பாலது. மெக்சிக்கோப் பெற்றோருக்குப் பிறந்த ஒஸ்காரிடம், ‘மெக்சிக்கர்’ என்பதற்குப் பதிலாக அவ்வளவு புண்படுத்தாத வேறொரு சொல்லை அவன் விரும்புகிறானா என்று மைக்கேல் மிகுந்த கரிசனையோடு வினவுகிறான். மெக்சிக்கர் என்பது புண்படுத்தும் சொல்லன்று என்கிறான் ஒஸ்கார். இழிசொல் எதுவும் அவ்விடத்து வழங்கப்படவில்லை. இன்னோர் இனத்தின் பெயரையே இழிசொல்லாகக் கருதும் உள்ளம் நாகரிகச் சொற்களினூடே வெளிப்பட்டுவிடுகிறது. மற்றோரிடத்தில் மைக்கேல் தான் பதினைந்தில் இரண்டு பங்கு செவ்விந்தியன் என்கிறான். பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர், அவர்க்கு முற்பட்டோர் எண்மர் என இரட்டித்துச் செல்லும் மரபுவழியிற் பதினைந்து என்னும் பகுதியெண் வருதற்கிடமில்லை. அப்பின்னம் பொருந்தாது என ஒஸ்கார் சுட்டும்போது, தன் முன்னோரின் துன்பத்தைப் பற்றிப் பேசுவதே தனக்குக் கடினம் என மைக்கேல் நழுவுகிறான். துன்பத்தை அனுபவியாதவன் அத்துன்பத்தின் மதிப்பை மட்டும் கடன் வாங்க முயலும் மனப்பாங்கு இதைவிடச் சுருக்கமாகக் காட்டப்படுதல் அரிது.

இரண்டாவது சிறப்பு வெளிப்பாட்டு முறை பற்றியது. வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் அங்கதம் என்றும், பழியை மறைத்துக் கூறுவதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் நம் முன்னோர் பகுத்தனர். ஆவணப்படப் பாவனை பழிகரப்பிற்கு வாய்த்த தக்க வடிவமாகும். இங்கே பின்னணிச் சிரிப்பொலி இல்லை. எவ்விடத்தில் சிரிக்க வேண்டும் என எவரும் நமக்குச் சொல்வதில்லை. மைக்கேல் தவறு செய்கிறான் என எந்தப் பாத்திரமும் உரை நிகழ்த்துவதில்லை. ஸ்ரான்லியின் அசையாத முகத்தையும் பாமின் தாழ்ந்த பார்வையையும் கமெரா ஒரு கணம் கூடுதலாகப் பற்றிநிற்கிறது, அவ்வளவே. மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியில் எப்பக்கமும் பார்வையாளர் இருத்தலின் ஆடுவோன் எத்திசையிலும் மறைய இயலாதவாறு போல, இங்கு மைக்கேலும் கமெராவின் முன் மறைவிடமற்று நிற்கிறான். வேறுபாடு யாதெனில், கூத்தன் அதனை அறிவான். மைக்கேல் அதனைத் தனக்குக் கிடைத்த புகழ்மேடை எனக் கருதுகிறான். அவன் தயாரித்த ஒளிநாடாவில் ஆபிரகாம் லிங்கன் கூறாத கூற்றொன்றை லிங்கனின் தலையிற் கட்டி முழங்குவது இதன் உச்சம்.

மூன்றாவது சிறப்பு, அட்டை விளையாட்டு என்னும் படிமம். தன் நெற்றியில் எழுதப்பட்டிருப்பதனைத் தான் ஒருவனே காண முடியாது. ஏனையோர் யாவரும் அதனைப் படித்து, அதற்கேற்ப அவனிடம் பேசுவர். இன அடையாளம் என்பது சமூகத்தில் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதற்குப் பல பக்கக் கட்டுரை தரக்கூடிய விளக்கத்தை ஒரு துண்டு அட்டை தந்துவிடுகிறது. பாமும் ட்வைட்டும் எதிரெதிர் நிற்கும் காட்சியில் இது மேலும் கூர்மை பெறுகிறது. ட்வைட்டின் நெற்றியில் ‘ஆசியர்’ என்றுள்ளது. இழிவுரை பகர மனமின்றித் தவித்த பாம், மைக்கேல் வற்புறுத்தவே, தனக்கு உடன்பாடில்லாத பொய்யான கருத்துகளின்படி என்ற முன்னுரையோடு, அவன் வாகனம் ஓட்டுவதில் அவ்வளவு வல்லவனல்லன் எனக் கூறுகிறாள். உடனே ட்வைட் தான் ஒரு பெண்ணோ என ஐயுறுகிறான். ஓர் இனத்தின் மீதான தப்பெண்ணத்தை அவிழ்க்கப் புகுந்தவன், பெண்பாலின் மீதான இன்னொரு தப்பெண்ணத்தைத் தன்னையறியாமல் அவிழ்த்துவிடுகிறான். பிறரை இழிவுபடுத்தும் சொற்கள் ஓர் இனத்திற்கே உரிய தனிச்சரக்கு அல்ல, எந்த நெற்றிக்கும் பொருந்தக்கூடியவை என்பது ஒரே வசனத்தால் நிறுவப்படுகிறது.

பிரித்தானிய மூலத்திலும் பயிற்சி வகுப்பொன்றை முகாமையாளன் தன்வசப்படுத்திக் கிற்றார் வாசிக்கத் தொடங்கும் அங்கம் ஒன்றுண்டு. அங்கே வெளிப்படுவது தனிமனிதனின் வீண்பெருமை. அதே சட்டகத்தை அமெரிக்க மண்ணின் ஆறாத புண்ணாகிய இனப் பிரச்சினையின் மீது பொருத்தியமையால், நோவாக்கின் எழுத்து தழுவல் என்னும் நிலையைக் கடந்து ஆக்கம் என்னும் நிலையை அடைந்தது.

4. கொம்புமுறி தரும் அளவுகோல்

இவ்வங்கத்தின் குறைகளை நோக்குமுன், எள்ளலுக்கு இடந்தரும் நம் மரபொன்றை நினைவுகொள்ளுதல் தகும். கண்ணகி வழிபாட்டோடு இணைந்து மட்டக்களப்பில் நிகழ்ந்து வந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு சேரிகளாகப் பிரியும். கொழுவப்பட்ட இரு கொம்புகளையும் இரு சேரியாரும் கயிறு கட்டி இழுப்பர். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவராவர். இழுவையைப் போன்றே முக்கியமானவை அப்போது பாடப்படும் வசைப் பாடல்கள். ஒரு சேரியார் மறு சேரியாரை எள்ளிப் பாட, மறு சேரியார் அதற்கு எதிர்ப்பாட்டுப் பாடுவர்.

இவ்வெள்ளல் கடுமையானது, ஆயினும் ஊர் பிளவுண்டு போவதில்லை. காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. எள்ளப்பட்டவனுக்கு அதே களத்தில், அதே உரத்தில் மறுமொழி கூறும் உரிமை உண்டு. களத்தில் இரு சேரியும் ஒத்த நிலையின. அம்மனின் முன் இரு சேரியும் ஒன்றே. வசை இங்கே விலக்கப்படவில்லை, பங்கிடப்பட்டது. மறுமொழிக்கு இடமற்ற எள்ளல் வேறு, மறுமொழியை எதிர்நோக்கும் எள்ளல் வேறு என்னும் தெளிவு இவ்வழக்கில் உறைந்துள்ளது. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், கெலி கபூரின் அறை வெறும் கதைத்திருப்பம் அன்று என்பது புலனாகும்.

மைக்கேலின் கூடத்தில் ஒரு சேரிக்கே பாட்டு உண்டு. அவன் முகாமையாளன், ஏனையோர் அவனிடம் சம்பளம் பெறுவோர். மறுமொழி உரைப்பவன் வேலையை இழக்கக்கூடும். ஆகவே ஸ்ரான்லி மௌனம் காக்கிறான், ஒஸ்கார் ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறான், பாம் முன்னுரை கூறித் தப்புகிறாள். கெலி மட்டும் அவ்விளையாட்டுள் அகப்படாது வெளியே சென்று வந்தவள். அவள் நெற்றிக்கு அட்டை தேவைப்படவில்லை. அவள் முகமே அட்டையாகக் கொள்ளப்பட்டது. சொல்லால் மறுமொழி கூற இடமற்ற களத்திற் கையே மறுசேரியின் எதிர்ப்பாட்டாகிறது. அதுவரை நகையிற் சென்ற நாடகம் அக்கணத்தில் ஒரு நொடி நகையிழந்து நிற்கிறது. அந்நொடியைத் துணிந்து அமைத்தமை எழுத்தாளரின் நேர்மைக்குச் சான்று.

5. குறைகள்

எனினும் அதே அளவுகோலே இவ்வங்கத்தின் குறைகளையும் காட்டித் தருகிறது.

முதலாவது, கெலிக்கு அறை கிடைத்தது, சொல் கிடைக்கவில்லை. அறைந்தவுடன் அவள் கூடத்தை விட்டு வெளியேறுகிறாள். அவள் எங்கே சென்றாள், அவ்வலுவலகத்தில் அன்று மாலை எவ்வாறு தொடர்ந்து வேலை செய்தாள் என்பன பற்றி நாடகம் கவலை கொள்ளவில்லை. கமெரா பின்தொடர்வது அறை வாங்கியவனின் கலங்கிய கண்களை. இந்தத் தொடரில் ஏறக்குறைய யாவருக்கும் கமெராவை நோக்கித் தனித்துப் பேசும் வாய்ப்பு உண்டு என்பதை எண்ணும்போது இக்குறை மேலும் பெரிதாகிறது. அவ்வாய்ப்பு அன்று அவளுக்கு வழங்கப்பட்டிருப்பின், அது அரை நிமிடமே ஆயினும், நாடகத்தின் சமன் வேறாயிருக்கும்.

இரண்டாவது, பிறௌண் என்னும் பாத்திரம் மிக விரைவிற் களத்தினின்றும் அகற்றப்படுகிறது. லரி வில்மோர் மிகையின்றி, தளராத பொறுமையோடு நடித்த அப்பாத்திரம் மைக்கேலுக்குத் தக்க எதிர்நிலையாகும். அவர் இருக்கும்வரை கூடத்தில் இரு குரல்கள் இருந்தன. அவர் சென்றபின் ஒன்றே எஞ்சியது. கதை அவ்வாறு செல்ல வேண்டியதுதான் எனினும், அவர் கொண்டுவந்த ஒரு முக்கியமான செய்தி அவரோடு சென்றுவிடுகிறது. மைக்கேலின் ஒப்பம் மட்டுமே தேவை என்பது தலைமையகத்தின் நோக்கத்தை அம்பலப்படுத்துகிறது. நிறுவனம் வேண்டியது மனமாற்றத்தையன்று. வழக்கு வரின் காட்டுதற்கு ஒரு பத்திரத்தை. இவ்வங்கத்தின் மிகக் கூர்மையான சமூக விமர்சனம் இதுவேயாகும். ஆயின் அது மைக்கேலின் சினத்திற்குக் காரணமாகப் பயன்பட்டதோடு கைவிடப்படுகிறது. அதன் பின்னர் குற்றம் முழுவதும் ஒரு பேதையின் தலையிற் சுமத்தப்பட்டு நிறுவனம் தப்பிவிடுகிறது.

மூன்றாவது குறை இதன் தொடர்ச்சியே. மைக்கேலின் பேதைமை மிகப் பெரிதாக இருத்தலின், ‘நாம் அவனல்லோம்’ என்னும் ஆறுதலோடு பார்வையாளர் சிரித்துவிட்டு எழக்கூடும். இன இழிவு என்பது கோமாளி ஒருவனின் தனிப்பட்ட கோளாறு எனத் தோன்றிவிடும் இடர் இதில் உண்டு. 2021 ஆம் ஆண்டில் அமெரிக்க ஒளிபரப்பு நிலையம் ஒன்று இத்தொடரை மீள ஒளிபரப்பியபோது இவ்வங்கத்தைத் தவிர்த்துவிட்டது என்ற செய்தி வாதப் பிரதிவாதங்களை எழுப்பியது. தவிர்த்தல் தக்க விடையன்று என்பதே நமது கருத்து. மைக்கேலின் சொல்லை நாடகத்தின் சொல்லாகக் கொண்டோரும், அவன் சொல்லுக்காகவே கைகொட்டிச் சிரித்தோரும் ஒரே பிழையையே செய்கின்றனர்: பேசும் பாத்திரத்துக்கும் பேசவைக்கும் ஆசிரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தை அவர்கள் காணத் தவறுகின்றனர். எனினும், அத்தூரத்தைப் பார்வையாளர் எளிதில் மறந்துவிடுவதற்கு நாடகமும் ஓரளவு இடமளித்துள்ளது என்பதை மறுத்தற்கில்லை.

நான்காவது, இறுதிக் காட்சி. தோளிற் சாய்ந்த தலையும் ஜிம்மின் அமைதியான மகிழ்ச்சியும் தம்மளவில் அழகியன. தொடரின் நீண்ட காதற்கதைக்கு அவை நல்ல வித்துகள். வேலைநாளொன்றிற்கு உரிய பொருளாதார இழப்பை, வெற்றியைக் கொண்டாட வைத்திருந்த சிறு மதுப்புட்டியை ஜிம் ட்வைட்டின் மேசையில் வைத்துவிட்டுச் செல்லும் ஒரே செயலால் உணர்த்தியமையும் பாராட்டுக்குரியது. ஆயின், ஒரு பெண் அவமதிக்கப்பட்டு வெளியேறிய அதே கூடத்தில், அது கெட்ட நாளன்று என்னும் தீர்ப்போடு நாடகம் முடிகிறது. அத்தீர்ப்பை வழங்குபவன் அன்று எவ்வித அட்டையாலும் காயப்படாத ஒருவன். இம்முரணை ஆசிரியர் அறிந்தே வைத்தாராயின் அதற்கான குறிப்பு ஒன்றேனும் தோன்றியிருத்தல் வேண்டும். அது தோன்றாமையின், இனிமைக்காக நீதி விட்டுக்கொடுக்கப்பட்டது எனவே கொள்ள வேண்டியுள்ளது.

6. நம் மண்டபங்களும் இந்நாடகமும்

இவ்வங்கம் ஒளிபரப்பாகிய 2005 மார்ச் மாதத்தில், 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரைகளை அழித்து மூன்று மாதங்களே கடந்திருந்தன. 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் தொடங்கி, ஆழிப்பேரலையின் பின் பெருகிய செயலமர்வுகளை மட்டக்களப்பார் நன்கறிவர். நல்லிணக்கம், முரண்பாட்டுத் தீர்வு, பன்மைத்துவம் முதலிய தலைப்புகளில் நிகழ்ந்த அவற்றுள் நற்பயன் விளைத்தனவும் உண்டு. எனினும் வண்ண அட்டைகள், பெரிய வெள்ளைத்தாள்கள், குழுச் செயற்பாடு, வரவுப் பதிவேட்டில் ஒப்பம், மதிய உணவு என்னும் ஒழுங்கினை அறிந்தோர் எவரும் மைக்கேலின் கூடத்தை அந்நியமான இடமாகக் காணார். ஒப்பம் கிடைத்தவுடன் காரியம் முடிந்தது எனக் கருதும் மனப்பாங்கு அமெரிக்காவுக்கே உரியதன்று.

நெற்றி அட்டையும் நமக்குப் புதியதன்று. போர்க்காலத்துச் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நின்றோர், தம் பெயரையும் பிறந்த இடத்தையும் வேறொருவர் படித்து, தாம் இன்னார் எனத் தீர்மானிப்பதை ஆண்டுக்கணக்கிற் கண்டவர்கள். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள் எனத் தமிழரையும் முஸ்லிம்களையும் இங்கு குறிப்பிடுவது வழக்கம். தாய்வழிக் குடி முறையும் நாட்டார் கவிகளும் வயல் வேலையும் இரு சமூகத்தாரையும் பிணைத்தன. அவ்வுவமை எவ்வளவு உண்மையோ, 1990 ஆம் ஆண்டில் இரு சமூகத்தாரும் சிந்திய குருதியும் அவ்வளவு உண்மை. ஆதலின், மறு சமூகத்தாரின் பேச்சையும் வழக்கத்தையும் நடித்துக் காட்டும் நகைச்சுவைத் துணுக்கு ஒன்று நம் பாடசாலை மேடையிலோ விழா மேடையிலோ நிகழும்போது, அங்கே இரு சேரிகளும் உள்ளனவா என நாம் கேட்டாக வேண்டும். நடித்துக் காட்டப்படுவோர் அவையில் உளரா? உளராயின், அவர்கட்கும் அதே மேடையில் அதே நேரம் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை இல்லை என்பதாயின், கைதட்டல் எவ்வளவு பெரிதாயினும் அது கொம்புமுறியன்று, ஒருபக்க இழுவையே.

நகைச்சுவையை முற்றாகத் தவிர்ப்போம் என்பதும் பொருந்தாது. பேசாதிருத்தலால் தப்பெண்ணம் அழிவதில்லை. அடுப்பங்கரையிலும் சந்தியிலும் பாதுகாப்பாக வளர்கிறது. வசையையும் விழாவாக்கி, அதற்கு முறையும் எல்லையும் வகுத்த முன்னோரின் ஊர் அறிவு நம் மேடைகளுக்கு மீளக் கிடைக்க வேண்டும் என்பதே இத்திறனாய்வினாற் பெறப்படும் கருத்தாகும்.

7. முடிவுரை

கெலி கபூராக நடித்த மிண்டி கேலிங் இத்தொடரின் எழுத்தாளர் குழுவிலும் ஒருவர். தொடக்கத்தில் அக்குழுவில் இருந்த ஒரே பெண். அவரது இயற்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். தந்தையார் தமிழர், தாயார் வங்காளி. சொக்கலிங்கம் என்னும் தமிழ்ப் பெயரை உடையவர் ‘கபூர்’ என்னும் வடபுலப் பெயர் தாங்கி நின்றதும், இந்தியர் எனில் எல்லோரும் ஒருவரே எனக் கருதிய ஒருவனை அறைந்ததும் நாடகத்துக்கு வெளியே நின்று நாம் காணும் இன்னொரு முரணாகும்.

அன்று கிடைக்காத சொல்லை அவர் பின்னர்த் தாமே தேடிக்கொண்டார். 2020 ஆம் ஆண்டு அவர் இணைந்து உருவாக்கிய ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ என்னும் தொடரின் தலைமைப் பாத்திரம் தேவி என்னும் தமிழ்ப் பெண். அப்பாத்திரத்தை ஏற்றவர், இலங்கையிலிருந்து கனடாவிற்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தில் வந்த மைத்ரேயி இராமகிருஷ்ணன். அத்தொடரிலும் குறைகள் உள. அவை தனியே ஆராயத்தக்கன. ஆயினும் அங்கே தமிழ்க் குடும்பம் பிறர் நடித்துக் காட்டும் பொருளாக அமையாது, தன்னைத் தானே எள்ளிக்கொள்ளும் உரிமையோடு களத்தில் நிற்கிறது. 2005 இல் ஓர் அறையாக மட்டுமே வெளிப்பட்ட மறுமொழி, பதினைந்து ஆண்டுகளின் பின் ஒரு முழு நாடகமாயிற்று.

‘பன்மைத்துவ நாள்’ குறையற்ற படைப்பன்று. தான் எழுப்பிய வினாவின் பாதியிலேயே அது இனிய உறக்கமொன்றில் ஓய்ந்துவிடுகிறது. எனினும், எள்ளல் எப்போது நகையாகும் என்னும் வினாவை அலுவலகக் கூடமொன்றின் நாற்காலிகளுக்கிடையே நிறுத்தி, ஒரு நொடியேனும் நம்மைச் சிரிக்க இயலாதவர்களாக்கிய பெருமை அதற்குண்டு. அந்நொடியில் அடங்கிய கேள்வி வாவியின் இரு கரையிலும் நாடகம் எழுதுவோர், நடிப்போர், பார்ப்போர் யாவருக்கும் உரியதாகும். மறுசேரியின் பாட்டுக்கு நம் களரியில் இடம் வைத்துள்ளோமா என்பதே அது.